ஜோகூர்க் காடும் ஓர் அமெரிக்க நடிகரும்

1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ரிங்லிங் சகோதரர் சர்க்கஸ் குழுவினர் ஒரு மனிதரைப் பெரும் ஊதியத்துக்கு அமர்த்தினர். அவர் செய்யவேண்டிய வேலை கடினமானதன்று. யானைமீது அமர்ந்து அரங்கினுள் வரவேண்டும். கார்கன்டுவா என்னும் கொரில்லாவை மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஆனால் நடிகர் சங்கத்தார் குறுக்கே நின்றனர். அரங்கில் தோன்றுவோர் எவராயினும் சங்கத்தில் சேர்ந்தே ஆகவேண்டும், இல்லையேல் வேலைநிறுத்தம் என்றனர். அம்மனிதரோ தாம் நடிகர் அல்லர், அறிவியலாளர் என்று சாதித்தார். உழைப்பாளிகள்பால் தமக்கு மிகுந்த பற்று உண்டென்றும், ஆனால் யானைமீது எப்போது ஏறவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்பதைச் சங்கத்தார் தமக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றும் கூறினார். முடிவில் சங்கமே விட்டுக்கொடுத்து அவருக்குத் தனிச்சலுகை அளித்தது.

தாம் நடிகர் அல்லர் என்று அவர் சொன்ன அந்த நாளில் அவர் நடித்த திரைப்படங்கள் நான்கு வெளிவந்திருந்தன. அவர் பெயர் பிராங்க் பக்.

எங்கோ டெக்சசில் பிறந்து டெக்சசிலேயே இறந்த ஒருவரின் வரலாறு ஜோகூரில் தமிழ் பயிற்றுவிப்போர்க்கும் பயில்வோர்க்கும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர் புகழ் என்னும் மாளிகையின் அடித்தளத்தில் கிடப்பது நம் மாநிலத்து மண். 1930களில் அமெரிக்கச் சிற்றூர்களின் கொட்டகைகளில் அமர்ந்திருந்த மக்களுக்கு மலாயா என்ற நாட்டை முதன்முதலில் கண்ணால் காட்டியவர் அவர். அவர் காட்டிய மலாயாவில் புலி இருந்தது, மலைப்பாம்பு இருந்தது, கருஞ்சிறுத்தை இருந்தது. அதே ஆண்டுகளில் அதே மண்ணில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருந்தனர். அவர்கள் அந்தப் படத்தில் எங்கே என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிராங்க் ஹோவர்ட் பக் 1884ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்துக் கெயின்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார்; டல்லஸ் நகரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பூகோளம் ஒன்றில் மட்டும் வல்லவர். ஏனைய பாடங்கள் அனைத்திலும் தோல்வி. நம் வகுப்புகளிலும் இத்தகைய மாணவர் ஒருவர் கடைசி வரிசையில் இருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். சிறுவயதிலேயே பறவைகளையும் பாம்புகளையும் பிடித்து வளர்ப்பதில் ஈடுபட்டவர், கால்நடைகளை ஏற்றிச் சென்ற ரயிலோடு சிக்காகோ போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு தங்கும் விடுதியில் ஏவலர்களின் தலைவரானார். அவ்விடுதியில் வாழ்ந்த ஏமி லெஸ்லி என்பவரை 1901இல் மணந்தார். அந்த அம்மையார் இசைநாடக மேடையில் பாடி நடித்துப் பின்னர் நாளிதழ் ஒன்றின் நாடகத் திறனாய்வாளராகப் புகழ்பெற்றவர். பக்கைவிட மிக மூத்தவர். அம்மணம் நிலைக்கவில்லை. ஆயினும் மேடை என்பது எவ்வாறு மக்களை மயக்குகிறது என்னும் பாடத்தை அவர் அவ்வீட்டில் கற்றிருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

1911இல் சீட்டாட்டத்தில் வென்ற பணத்தைக் கொண்டு அவர் பிரேசிலுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து கொண்டுவந்த பறவைகள் நியூயார்க்கில் நல்ல விலைக்குப் போயின. தொழில் அமைந்துவிட்டது. அதன்பின் கீழ்த்திசைக்கு வந்தார். சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார்.

அக்காலச் சிங்கப்பூர், ஈயத்துக்கும் ரப்பருக்கும் துறைமுகமாக இருந்தது போலவே காட்டுவிலங்குகளுக்கும் சந்தையாக இருந்தது. சுமாத்திராவிலிருந்து புலி, போர்னியோவிலிருந்து ஒராங் ஊத்தான், சயாமிலிருந்து யானை, நியூகினித் தீவிலிருந்து வண்ணப் பறவைகள் என யாவும் அங்கு வந்து குவிந்தன. ஐரோப்பிய, அமெரிக்க விலங்குக் காட்சிச் சாலைகளுக்கும் சர்க்கஸ் குழுக்களுக்கும் அங்கிருந்தே கப்பலேறின. பக், காத்தோங் பகுதியில் கொட்டில்கள் அமைத்து விலங்குகளை அடைத்து வைத்திருந்தார். தம்மைத் தேடிவந்த செய்தியாளர்களுக்கு அவர் ராபிள்ஸ் விடுதியில் விருந்தளிக்கும் வேட்டைவீரர். உண்மையில், அவர் அனுப்பிய விலங்குகளில் பெரும்பங்கு வணிகரிடமும் கிராமத்தாரிடமும் விலைகொடுத்து வாங்கியவை. இதனை இழிவாகக் கூறவில்லை. விலங்கை உயிரோடு வாங்கி, நோய் வராமல் காத்து, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணத்தில் தீனி கொடுத்துக் கரைசேர்ப்பது எளிய செயலன்று. அதில் அவர் திறமையாளர். ஆனால் வாங்கினேன் என்பதைக் காட்டிலும் பிடித்தேன் என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதல்லவா?

அதே நகரில் இந்திய வம்சாவளியினர் ஒருவரும் விலங்கு வணிகத்தில் ஓங்கி நின்றார். வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்பது அவர் பெயர். 1928இல் பொங்கோலில் அவர் தம் விலங்குகளுக்கென ஒரு தோட்டம் அமைத்தார். பொதுமக்கள் அங்குச் சென்று கண்டு மகிழ்ந்தனர். 1942இல் போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படையினர் அவ்விடத்தை எடுத்துக்கொள்ள, அத்தோட்டம் அழிந்தது. பசப்பாவைப் பற்றிப் படம் எடுத்தவர் எவரும் இலர்.

இனி ஜோகூருக்கு வருவோம்.

1895 முதல் 1959 வரை ஜோகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் புலிவேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். 1928இல் ஜோகூர் பாருவில் அவர் அமைத்த விலங்குத் தோட்டமே இன்றைய ஜோகூர் விலங்கியல் பூங்கா. 1962இல்தான் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பக்குக்கும் சுல்தானுக்கும் நல்ல நட்பு இருந்தது. நம் காடுகளில் விலங்கு பிடிப்பதற்குச் சுல்தான் பலமுறை அவருக்கு உதவினார். இந்த நட்பு இல்லையேல் பக்கின் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும் என்று துணிந்து கூறலாம். ஏனெனில் 1923இல் ஜோகூர் நீரிணைப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியபின், சிங்கப்பூரில் காலையுணவு அருந்திய ஒருவர் உச்சிப்பொழுதுக்குள் ஜோகூர்க் காட்டின் விளிம்பில் நிற்க இயன்றது.

1930இல் எட்வர்ட் ஆன்டனி என்பவருடன் சேர்ந்து பக் எழுதிய நூல் வெளிவந்தது. 'பிரிங் எம் பேக் அலைவ்' என்பது அதன் பெயர். உயிரோடு கொண்டு வாருங்கள் என்று பொருள். நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதில் ஒரு நிகழ்ச்சி ஜோகூரில் நடப்பது. ஜோகூர் பாருவுக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புலி ஒரு கூலியாளைக் கொன்றுவிட்டது. செய்தி சுல்தானிடம் வருகிறது. சுட்டுக் கொல்வதற்குப் பதிலாக அந்த ஆட்கொல்லியை உயிரோடு பிடித்துத் தருவதாகப் பக் முன்வருகிறார். சுல்தானின் ஆட்கள் துணைவர, ஆழமான குழி வெட்டி, மேலே தழை பரப்பிக் காத்திருக்கிறார். புலி விழுகிறது. கொட்டும் மழையில் கயிறுகளை வீசிக் கட்டி அதனைக் கூண்டில் ஏற்றுகிறார். படிப்பவர் மூச்சடக்கிப் படிக்கத்தக்க பகுதி. நானும் அவ்வாறே படித்தேன்.

படித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பின்னரே ஒன்று உறைத்தது. புலி எங்கே போயிற்று என்பது தெரியும். அதைப் பிடித்தவரின் பெயர் தெரியும். மன்னரின் பெயர் தெரியும். இறந்த மனிதனுக்கு மட்டும் பெயர் இல்லை.

என் தாயார் பால்மரம் சீவியவர். ஆகவே இக்குறை எனக்குச் சற்று மிகுதியாகவே உறுத்துகிறது போலும். தோட்டத்து வைகறை எப்படிப்பட்டது என்பதை இன்றைய மாணவர்கள் அறியார். கோழி கூவும் முன்னர் பெரட்டு முழங்கும். தண்டல் பெயர் கூப்பிட்டு நிரை பங்கிடுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் பால்வெட்டுக் கத்தியும் இடுப்பில் வாளியுமாக ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குத் தனித்தனியே நடந்துசெல்வர். வெயில் ஏறினால் பால் உறையும். எனவே இருளிலேயே வேலையைத் தொடங்கவேண்டும். அவ்விளக்கு தன் முன்னுள்ள ஒரு மரத்தையும் அதன் மங்கையும் மட்டுமே காட்டும். முதுகுப் பக்கம் முழுதும் இருட்டு. குனிந்து மரம் சீவும் மனிதனைப் பின்னாலிருந்து பார்க்கும் புலிக்கு, அவன் மானைப் போன்ற ஒரு சிறு விலங்காகவே தோன்றியிருக்கும்.

காட்டை ஒட்டிய தோட்டங்களில் புலியின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மலாய் மக்கள் 'பாக் பெலாங்' என்பர். கோடுடைய பெரியவர் என்று கொள்ளலாம். நம்மவர்கள் 'அது' என்பர். அல்லது 'பெரிசு' என்பர். தோட்டத்து எல்லையில் முனியாண்டியை நிறுத்தி, அவர் காவலில் நிரைக்குள் நுழைந்தனர். முனியாண்டி கோயில்கள் பல காடும் தோட்டமும் சந்திக்கும் ஓரங்களிலேயே நிற்பதன் காரணம் இதுவே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

புலியால் மாண்ட மனிதனுக்குப் பெயர் இல்லாமற் போவது தமிழ் மரபுக்குப் புதிது. கொங்கு நாட்டுப் பகுதிகளில் புலிகுத்திக் கல் என்னும் நடுகற்களை இன்றும் காணலாம். பட்டியில் புகுந்த புலியோடு போராடிய வீரனைக் கல்லில் வடித்து, பாயும் புலியின் மார்பில் அவன் ஈட்டி பாய்ச்சுவதாகக் காட்டியிருப்பர்; எழுத்துப் பொறித்த கற்களும் உண்டு. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் துறைகளாகவே வகுத்துரைக்கிறது. மாடு மேய்த்தவனுக்கும் கல்நட்ட மரபில் வந்தவர்கள், கடல்கடந்து வந்து கித்தாக் காட்டில் புலிக்கு இரையானபோது தோட்டத்துக் கிராணியின் பேரேட்டில் ஒரு வரியாக அடிபட்டுப் போயினர். குழியில் விழுந்த புலிக்கு அமெரிக்காவில் கூண்டும் பெயர்ப்பலகையும் கிடைத்தன. நூலில் சொல்லப்பட்ட அக்கூலியாள் தமிழரோ சீனரோ சாவகரோ, எவராயினும் ஆகுக. அவருக்கும் ஒரு தாய் பெயரிட்டிருப்பாள்.

நூல் பெற்ற வெற்றி திரைப்படத்துக்கு வழிகோலியது. கிளைட் எலியட் என்பவர் இயக்க, ஆர்.கே.ஓ. நிறுவனம் 1932இல் அதே பெயரில் படத்தை வெளியிட்டது. பக் தாமே தம் வேடத்தில் தோன்றினார். பின்னணி உரையும் அவருடையதே. தலையில் வெயில்தொப்பி, மெல்லிய மீசை, காக்கி உடை. வெள்ளைக்கார வேட்டைக்காரன் என்றால் இவ்வாறுதான் இருப்பான் என்று உலகம் நம்பத் தொடங்கியதில் அவர் தோற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடன் அலி என்னும் மலாய்க்காரரும் படத்தில் தோன்றினார். பக்கின் கதைகளில் ஆபத்து வரும் இடமெல்லாம் அலி அருகில் நிற்பார். ஆண்டுகள் பல உடன் உழைத்த அந்த மனிதரை அக்காலத் துரைமார் வழக்கப்படி 'பையன்' என்றே குறித்தனர்.

படத்தின் உயிர்நிலை விலங்குச் சண்டைகளே. புலியும் மலைப்பாம்பும் பொருதுகின்றன. புலியும் கருஞ்சிறுத்தையும் மோதுகின்றன. முதலையை மலைப்பாம்பு சுற்றி வளைக்கிறது. நம் தீபகற்பத்துச் சிறுத்தைகளில் பெரும்பாலானவை கருமை நிறத்தன என்பது உண்மை. அதற்குமேல் அந்தச் சண்டைகளில் இயற்கை சிறிதே. காட்டில் புலி மலைப்பாம்பைக் கண்டால் விலகிப்போகும், மலைப்பாம்பும் அவ்வாறே. அவ்விரண்டும் ஒளிப்படக் கருவியின் முன்னால், நல்ல வெளிச்சத்தில், சட்டத்துக்குள் அடங்கும்படி மல்லுக்கு நிற்கவேண்டுமானால் அவற்றை அங்கே கொண்டுவந்து விட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும். தற்செயலாகக் கண்ட காட்சிகள் என்று விளம்பரம் சொன்னது. ஏற்பாடு செய்த சண்டைகள் என்று அக்காலத்திலேயே பலர் ஐயுற்றனர். திரைப்படத்துக்காக விலங்குகளை வதைப்பது பற்றிய எதிர்ப்பு பல நாடுகளில் வலுத்து, பிரிட்டன் 1937இல் அதனைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பொருளியல் மந்தம். வேலையிழந்த மக்கள் சில காசுகளுக்கு இருட்டில் அமர்ந்து, தம்மினும் கொடிய துன்பத்தில் சிக்கிய உயிர்களைக் கண்டனர். படம் பெருவெற்றி பெற்றது.

எனக்கு அந்தச் சண்டைகளைவிட அதில் காட்டப்பட்ட காடே முதன்மையான பொய்யாகத் தோன்றுகிறது. மனிதன் கால்படாத கன்னிக்காடு என்ற எண்ணத்தைப் படம் விதைத்தது. அப்போது ஜோகூர் எந்நிலையில் இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீனக் குடியேறிகள் காங்சூ முறையின்கீழ் ஆற்றோரக் காடுகளை அழித்துக் காசுக்கட்டியும் மிளகும் பயிரிட்டனர். அம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டபோது அந்நிலங்களில் பல ரப்பருக்கு மாறிவிட்டிருந்தன. கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான ரயில்பாதை 1909இல் முடிந்தது. அப்பாதையின் இருமருங்கும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திறங்கினர். பக் படம்பிடித்த காட்டுக்குச் செல்லும் சாலையைத் தமிழர் போட்டிருக்கலாம்; அவர் ஏறிவந்த ரயிலின் தண்டவாளக் கட்டைகளைத் தமிழர் மாற்றியிருக்கலாம்; சாலையின் இருபக்கமும் பால்மரங்கள் வரிசை வகுத்து நின்றன என்பதில் ஐயமேயில்லை. கருவியைச் சற்றே திருப்பியிருந்தால் லயன் வீடுகள் தெரிந்திருக்கும். திருப்பவில்லை.

புலி தோட்டத்துக்குள் வந்ததற்கும் இதுவே காரணம். மானும் காட்டுப்பன்றியும் திரிந்த நிலத்தில் ரப்பர் நட்டால் இரை குறையும். இரை குறைந்தால் புலி ஆட்டையும் மாட்டையும் தேடும். ஒருநாள் குனிந்திருக்கும் மனிதனைக் காணும். பக்கின் கதையில் புலி பிறவிக் கொடியது. புலிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற மூன்றாம் பொருளாகிய தோட்ட முதலீட்டுக்கு அக்கதையில் வேடம் இல்லை. இன்னொரு செய்தியும் நினைக்கத்தக்கது. சிங்கப்பூர்த் தீவின் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது 1930இல் என்பர். பக்கின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

அதன்பின் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. 1934இல் 'வைல்ட் கார்கோ', 1935இல் 'ஃபாங் அண்ட் கிளா' என இரு படங்கள். 1934இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் அவர் பெயரில் விலங்குக் காட்சிகள் அமைந்தன. லாங் தீவில் அவர் வைத்திருந்த விலங்கு முகாமில் 1935ஆம் ஆண்டு, வேலையாள் ஒருவர் குரங்குத் திடலைச் சுற்றிய அகழியின்மேல் ஒரு பலகையை மறந்து விட்டுச்சென்றார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குரங்குகள் அப்பலகை வழியே வெளியேறி ஊரைக் கலக்கின. ரயில்வண்டி ஒன்றும் நிற்க நேர்ந்தது. குரங்கைப் பிடித்துத் தருவோர்க்கு இலவச நுழைவுச்சீட்டு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. உயிரோடு கொண்டுவருவதே தொழிலான ஒருவருக்கு நேர்ந்த இந்தக் கேலிக்கூத்தும் அவருக்கு விளம்பரமாகவே முடிந்தது.

1937இல் கொலம்பியா நிறுவனத்தின் முதல் தொடர்படமான 'ஜங்கிள் மெனேஸ்' பதினைந்து பகுதிகளாக வந்தது. இதில் பக் தம் சொந்தப் பெயரை விடுத்து, பிராங்க் ஹார்டி என்னும் பாத்திரமாக நடித்தார். ஆக, மறுநாள் அவர் என்ன சொன்னாலும், நடிகர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கதை நடப்பது ஆசியாவில் ஒரு கற்பனை மாகாணத்தில், பொருளோ ரப்பர்! தோட்டத்து முதலாளி கொல்லப்படுகிறார், ரப்பர்ச் சரக்கைக் கொள்ளையர் கவர்கின்றனர், நாயகன் மீட்கிறான். பாலைச் சீவியவன் இப்படத்திலும் பின்புலத்து நிழலே.

1943இல் வெளிவந்த 'டைகர் ஃபாங்ஸ்' என்னும் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கலையில் அது மிகச் சிறிய படம். குறைந்த செலவில் விரைந்து எடுத்தது. கீழ்த்திசை நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் புலிகள் திடீரென ஆட்கொல்லிகளாக மாறுகின்றன. தொழிலாளர் அஞ்சுகின்றனர், ரப்பர் உற்பத்தி தடைப்படுகிறது. புலிகளுக்கு மருந்தேற்றி வெறியூட்டியது நாசிகளின் சதி என்று பக் கண்டுபிடித்து முறியடிக்கிறார்.

அமெரிக்கர்கள் அப்படத்தைக் கண்ட ஆண்டில் மெய்யான ரப்பர்த் தோட்டங்களில் நடந்தது என்ன? 1942 சனவரி இறுதியில் பிரிட்டிஷ் படையினர் ஜோகூர் பாருவை விட்டுப் பாலத்தைக் கடந்து, பின்னால் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஜப்பானியத் தளபதி யமாஷிதா புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கிப் போரை நடத்தினார். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத்துத் துரைமார் சிறைப்பட்டனர் அல்லது ஓடினர். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவு. பின்னர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆள்பிடிக்க வந்தனர். சிலர் கூலிக்கு நம்பிச் சென்றனர்; சிலர் லாரிகளில் வலிந்து ஏற்றப்பட்டனர். ஜோகூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் மலாயாவிலிருந்து சென்ற பல்லாயிரவர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களைக் கொன்றது மருந்தேற்றிய புலி அன்று. ஆட்கொல்லியிடமிருந்து தோட்டத் தொழிலாளரைக் காக்கும் வீரரைத் திரையில் கண்டு கைதட்டிய அதே பருவத்தில், காப்பார் எவருமின்றி அத்தொழிலாளர் குவாய் ஆற்றங்கரையில் செத்துக்கொண்டிருந்தனர். பக் இதனை அறிந்திருக்க வழியில்லை. அவரைக் குற்றம் சாட்டவும் நான் முனையவில்லை. வரலாறு சிலபோது இரு காட்சிகளை அருகருகே வைத்துவிட்டு வாய்மூடி நிற்கிறது. ஆசிரியர் அவற்றை மாணவர்க்குக் காட்டத்தான் வேண்டும்.

போருக்குப்பின் அவர் தொழில் தளர்ந்தது. காலம் மாறிவிட்டது, வெள்ளைத் தொப்பி வீரரைப் பார்த்து மக்கள் வியப்பதற்குப் பதிலாகச் சிரிக்கத் தொடங்கினர். அவரும் அதனை உணர்ந்தார் போலும். 1949இல் ஆபட்–காஸ்டெல்லோ நகைச்சுவை இணையரின் 'ஆப்பிரிக்கா ஸ்கிரீம்ஸ்' படத்தில் தம்மையே நடித்துக் காட்டினார். அதுவே கடைசி. 1950 மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் ஹூஸ்டன் நகரில் காலமானார். அதற்கு எட்டு நாள் முன்னரே அவருக்கு 66 வயது நிறைந்திருந்தது. தம் வாழ்நாளில் கொண்டுசென்ற விலங்குகளுக்கு அவரே ஒரு கணக்குத் தந்திருக்கிறார்: 49 யானைகள், 60 புலிகள், 63 சிறுத்தைகள், 52 ஒராங் ஊத்தான்கள், இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள். விலங்குகளை எண்ணி எழுதிவைப்பதில் அவர் குறைவைக்கவில்லை.

இறந்தபின் தொலைக்காட்சியிலும் அவர் வந்தார். 1982இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி அவர் நூலின் பெயரிலேயே ஒரு தொடரை ஒளிபரப்பியது. புரூஸ் பாக்ஸ்லைட்னர் பக்காக நடித்தார். ராபிள்ஸ் விடுதி, உளவாளிகள், கடத்தல்காரர்கள் எனக் கதை ஓடிற்று. ஜோகூர்ச் சுல்தானும் அதில் ஒரு பாத்திரம். நடித்தவர் ரான் ஓ'நீல் என்னும் கறுப்பின அமெரிக்க நடிகர். அலியாக நடித்தவர் ஜப்பானிய வழிவந்த கிளைட் குசாட்சு. பதினேழு பகுதிகளோடு 1983இல் தொடர் நின்றது. தம்மையே நடித்த ஒருவரை இன்னொருவர் நடிக்க, நம் மன்னரை வேறொரு கண்டத்தார் நடிக்க, ஜோகூர் முழுமையும் அமெரிக்க வீட்டுக்கூடத்தில் ஓர் ஒப்பனைப் பொருளாயிற்று.

பக் கொண்டுபோனதால் மட்டும் நம் புலிகள் குறையவில்லை. காடு செம்பனையாக மாறியதும், கண்ணி வைத்துக் கொன்றதும், இரைவிலங்குகள் அருகியதும் அவர் காலத்துக்குப் பிந்திய கதை. 2016இல் தொடங்கிய தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் எஞ்சிய காட்டுப்புலிகள் 150க்கும் குறைவு என்று கண்டது. ஜோகூரில் அவற்றுக்கு எண்டாவ்–ரொம்பின் காடே பெரும் புகலிடம். 2004இல் மலாயாப் புலி தனி உள்ளினம் என்று அறிவியலார் பிரித்துக் காட்டியபோது, அதற்கு ஜாக்சன் என்னும் ஆங்கிலேயப் புலிக் காப்பாளரின் பெயரைச் சூட்டினர். மலேசியாவில் எதிர்ப்பு எழுந்தது. நம் நாட்டுப் புலிக்கு நம் நாட்டுப் பெயர் வேண்டாவா என்று கேட்டனர். பெயர் சூட்டியது சூட்டியதாகவே நின்றது.

கெயின்ஸ்வில் ஊரில் இன்று பிராங்க் பக் பெயரில் ஒரு விலங்கியல் பூங்கா இருக்கிறது. அவர் பயணத்தில் பயன்படுத்திய பொருள்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நம் ஜோகூர் மாநிலச் சின்னத்தை மாணவர்கள் அடுத்தமுறை காணும்போது உற்று நோக்கட்டும். கேடயத்தை இருபுறமும் இரண்டு புலிகள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் காலடியில் காசுக்கட்டி இலையும் மிளகுக் கொடியும் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சின்னம் பால்மரம் வருவதற்கு முந்தியது.